ஆயுதக் கட்டுப்பாடும் ஆயுதக் களைவும்: பல்கலைக்கழகத்தில் எங்கே படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னாட்டு உறவுகள், இயற்பியல், சட்டம், வேதியியல் என்று வெவ்வேறு துறைகளிலிருந்து வரும் மாணவர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் போய்விடலாம். மூன்றாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

கட்டுப்பாடு, களைவு, பரவல் தடுப்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கட்டுப்பாடு என்பது எதிரிகள் இருவர் உட்கார்ந்து பேசித் தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொள்வது. அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் இந்த வகை. நிலைநிறுத்திய நெடுந்தூர அணு வெடிமுனைகள் ஒரு தரப்புக்கு 1,550க்கு மேல் போகக் கூடாது என்றது அது. அதன் கெடு 2026 பிப்ரவரி 5 அன்று முடிந்துவிட்டது.

களைவு என்பது இருப்பதை அழிப்பது. ரசாயன ஆயுதங்களில் இது நடந்தே இருக்கிறது. நாடுகள் கணக்குக் காட்டிய 72,304 டன் ரசாயன ஆயுதங்களும் அழிக்கப்பட்டுவிட்டன, கடைசித் தொகுதி 2023 ஜூலையில் போனது. பரவல் தடுப்பு என்றால் இல்லாதவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'ஆயுதக் குறைப்பு' என்று எழுதிவிடும். பேச்சுக்குப் போதும். ஆனால் படிப்பு தேடும்போது இந்த மூன்று சொல்லும் மூன்று வேறு கட்டடங்களுக்கு இட்டுச்செல்லும், அதனால் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயரிலேயே இது இருக்கும் படிப்புகள் எத்தனை?

விரல் விட்டு எண்ணலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போரியல் துறை பரவல் தடுப்பையும் பன்னாட்டுப் பாதுகாப்பையும் பெயரிலேயே வைத்து முதுகலைப் படிப்பு நடத்தி வந்திருக்கிறது. அமெரிக்காவின் மான்டெரேயில் உள்ள மிடில்பரி கல்வி நிலையத்தின் பரவல் தடுப்பு, பயங்கரவாத ஆய்வு முதுகலை நீண்ட காலம் இந்தத் துறைக்கே முகவரியாக இருந்தது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு அரசியல், அமைப்புகள், ஆயுதக் களைவு ஆகியவற்றுக்கான மையம் உண்டு. துறையின் பெயரிலேயே 'களைவு' என்ற சொல் நிற்பது உலகிலேயே அரிது.

மான்டெரேயைப் பற்றிக் கடந்த காலத்தில் எழுதியது கைதவறி அல்ல. நேரில் நடக்கும் முதுகலைப் படிப்புகளைப் படிப்படியாக மூடப்போவதாக மிடில்பரி 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கடைசி வகுப்புகள் 2027இல். பழைய வழிகாட்டிக் கட்டுரைகள் இன்னும் அதைத்தான் முதல் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

அப்படியானால் மற்ற இடங்களில் இது எங்கே ஒளிந்திருக்கிறது?

நான்கைந்து துறைகளின் விருப்பப் பாடங்களுக்குள். சமாதான ஆய்வு, பாதுகாப்பு மற்றும் உத்தி ஆய்வு, பன்னாட்டு உறவுகள், பன்னாட்டுச் சட்டம், பொதுக்கொள்கை ஆகியவை ஒரு பக்கம். அணுப் பொறியியல், இயற்பியல், வேதியியல், நிலநடுக்கவியல், உயிரியல் இன்னொரு பக்கம். ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் 'ஆயுதக் களைவு' என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடும் மாணவர், அடுத்த கட்டடத்தில் 'அணுசக்திக் கொள்கை' என்ற பெயரில் அதே பாடம் நடப்பதைத் தவறவிடுகிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தாள் பாடத்திட்டத்தில் இருக்கும், வகுப்பறையில் இருக்காது. இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஆசிரியரின் ஆர்வத்தில் ஓடுகிறது. அவர் ஓய்வுபெற்றால், நீண்ட விடுப்பில் போனால், தாளும் கூடவே போய்விடும். பெயர் மட்டும் கையேட்டில் வருஷக்கணக்கில் அச்சாகிக்கொண்டே இருக்கும். அந்தக் கையேட்டை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் பருவத்தில் "இந்த ஆண்டு அந்தத் தாள் இல்லை" என்ற ஒற்றை வரி அறிவிப்பைப் பார்த்து நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

அதனால் பட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டாம், ஆளைப் பாருங்கள். கடந்த இரண்டு ஆண்டு கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நடந்தது அதில்தான் தெரியும், நடக்கலாம் என்பதுதான் கையேட்டில் இருக்கும். அடுத்து, பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பட்டியலில் கடைசி ஐந்து ஆண்டுத் தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். அணு ஆயுதம், கண்ணிவெடி, ஏற்றுமதிக் கட்டுப்பாடு, சோதனைத் தடை போன்ற சொற்கள் இரண்டு மூன்று ஏடுகளில் வந்தால், வழிகாட்ட ஒருவர் அங்கே இருக்கிறார் என்று பொருள்.

ஆய்வு மையம் இருக்கும் பல்கலைக்கழகங்களில் சேர்வது நல்லதா?

நல்லது. ஆசிரியர் ஒருவர் போனாலும் மையம் நிற்கும். ஆனால் மையம் இருப்பதாலேயே பாடம் இருக்கும் என்றில்லை, சில மையங்கள் ஆய்வு மட்டும்தான் செய்யும்.

எனக்குத் தெரிந்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம். பிரின்ஸ்டனின் அறிவியல் மற்றும் உலகப் பாதுகாப்புத் திட்டம் 1970களின் நடுவிலிருந்து நடக்கிறது, இயற்பியலாளர்கள் தொடங்கிய இடம். பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சமாதான ஆய்வுக்கு 1973இல் துறை தொடங்கியது. உயிரியல் ஆயுதத் தடையில் அதன் பெயர் பெரிது. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சமாதான ஆய்வு, பாதுகாப்புக் கொள்கை நிறுவனம் 1971இல் பிறந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் அணு ஆயுதக் களைவுக்கென்றே ஆல்வா மிர்தால் பெயரில் ஒரு மையம் 2021இல் வந்திருக்கிறது. 1982இல் சமாதான நோபலைப் பகிர்ந்துகொண்ட அதே மிர்தால்தான்.

நாகசாகி பல்கலைக்கழகத்தின் அணு ஆயுத ஒழிப்பு ஆய்வு மையம் 2012இல் தொடங்கியது. குண்டு விழுந்த ஊரின் பல்கலைக்கழகம் அது, அதன் மருத்துவக் கல்லூரியே 1945இல் அழிந்தது. அங்கே படிப்பவருக்கு 'வெடிமுனை எண்ணிக்கை' என்பது வெறும் அட்டவணையாகத் தெரிய வாய்ப்பில்லை.

வகுப்பில் உண்மையில் என்னதான் நடக்கும்?

ஒரு எடுத்துக்காட்டு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் மொத்தமே 11 உறுப்புகள், அதாவது பிரிவுகள், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அதன் ஆறாவது உறுப்பு ஒற்றை வாக்கியம். அணு ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்தவும், அணு ஆயுதங்களைக் களையவும் உறுப்பு நாடுகள் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்கிறது. நல்ல ஆசிரியர் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம் கொடுப்பார். 'பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்' என்றால், நடத்திக்கொண்டே இருந்தால் போதுமா, முடித்தும் காட்ட வேண்டுமா? அணு ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒரு விதமாகப் படிக்கிறார்கள், இல்லாதவர்கள் இன்னொரு விதமாக. 1996இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், பேச்சை நடத்துவது மட்டுமல்ல, முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமைதான் என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டாது. சரி, இப்போது என்ன என்று மாணவர்களை வாதாட விடுவார்கள்.

அடுத்த கட்டம் மாதிரி மாநாடு. மேசைக்கு மேசை நாட்டின் பெயர்ப்பலகை. உங்களுக்கு எந்த நாட்டின் கொள்கை அறவே பிடிக்காதோ, அந்தப் பலகையைத்தான் ஆசிரியர் உங்கள் முன்னால் வைப்பார். வரைவுத் தாள் சுற்றுக்கு வரும். 'உறுதியளிக்கின்றன' என்ற சொல்லை 'முயல்கின்றன' என்று மாற்ற ஒருவர் பலகையைத் தூக்குவார். அந்த ஒரு சொல்லில் இரண்டு மணி நேரம் கரையும். கருத்தொருமிப்பு விதி என்றால் ஒரே ஒரு பலகை போதும், மொத்தமும் கவிழும். 2022 ஆகஸ்டில் நடந்த, பரவல் தடை ஒப்பந்தத்தின் நிஜ மறுஆய்வு மாநாடும் நான்கு வாரம் பேசிவிட்டு இப்படித்தான் முடிந்தது. போரில் ரஷ்யப் படை பிடித்திருந்த உக்ரைனின் சபோரிஷியா அணுமின் நிலையம் பற்றிய பத்திகளை ரஷ்யா ஏற்கவில்லை, இறுதி ஆவணம் இல்லாமலே எல்லாரும் ஊர் திரும்பினார்கள்.

குண்டு செய்யவும் சொல்லிக்கொடுப்பார்களா?

மாட்டார்கள். குண்டு செய்யப்படுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். 2006இல் வட கொரியா முதல் முறை வெடித்தபோது அதன் வலு ஒரு கிலோ டன்னுக்கும் குறைவு. அணுச் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் கண்காணிப்பு வலைப்பின்னல் அப்போது பாதிதான் கட்டி முடிந்திருந்தது. ஆனாலும் இருபதுக்கு மேற்பட்ட நில அதிர்வு நிலையங்கள் அதைப் பிடித்தன. இரண்டு வாரம் கழித்து, உலகின் மறுபக்கத்தில் கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் கதிரியக்கச் செனான் வாயுவின் தடம் கிடைத்தது. அதிர்வு வெடிப்பைச் சொன்னது, வாயு அது அணு வெடிப்பு என்றது. காற்றின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அது கிளம்பிய இடத்தைச் சொல்வது வானிலையியல் படித்தவரின் வேலை.

நான் இயற்பியல் மாணவர். எனக்கு இதில் இடம் உண்டா?

இருப்பதிலேயே ஆள் பஞ்சம் உங்கள் பக்கம்தான். பேச்சுவார்த்தை மேசையில் உட்காருபவர்களில் நியூட்ரான் என்றால் என்ன என்று தெரிந்தவர் குறைவு. ஆய்வகத்தில் இருப்பவர்களில் ஒப்பந்தத்தைப் படித்தவர் அதைவிடக் குறைவு.

எவ்வளவு அழகான கணக்குகள் இங்கே கிடக்கின்றன என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாடு "இதோ, அழிக்கப்போகும் வெடிமுனை" என்று ஒரு பெட்டியைக் காட்டுகிறது. உள்ளே நிஜ வெடிமுனையா, வெறும் இரும்பா? திறந்து காட்டினால் வடிவமைப்பு ரகசியம் போய்விடும், திறக்காவிட்டால் நம்ப முடியாது. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2014இல் 'நேச்சர்' இதழில் ஒரு வழி சொன்னார்கள். உண்மையான வெடிமுனை வழியே நியூட்ரான்களைச் செலுத்தினால் உணரிகளில் என்ன பதிவு வருமோ, அதன் எதிர்ப்பதிவை முன்கூட்டியே அந்த உணரிகளில் ஏற்றிவிடுவது. எந்த உணரியை எந்தப் பெட்டிக்கு வைப்பது என்பதைச் சோதனையாளரே அப்போதைக்கு அப்போது தேர்ந்தெடுப்பார், அதனால் ஏமாற்ற முடியாது. பெட்டிக்குள் நிஜப் பொருள் இருந்தால் இரண்டும் கூடி எல்லா உணரியும் ஒரே அளவைக் காட்டும், அதாவது ஒன்றுமே தெரியாது. போலி இருந்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ரகசியம் ஒரு துளியும் கசியாமல் உண்மை மட்டும் வெளியே வரும். இது இயற்பியலா, அரசியலா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கடினம்.

உயிரியல், வேதியியல் மாணவர்களுக்கு?

வேதியியலுக்கு ஆதரவு நன்றாகவே இருக்கிறது. ஹேக் நகரில் உள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்பு கல்விக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. உயிரியல்தான் பரிதாபம். 1972இல் கையெழுத்துக்குத் திறந்து 1975இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு, நாடுகள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று சரிபார்க்கும் முறையே கிடையாது, ஜெனீவாவில் அதைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஆட்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பிராட்ஃபோர்டின் மால்கம் டாண்டோவும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் உயிரியலாளர்களோடு கருத்தரங்குகள் நடத்திப் பார்த்தபோது, அந்த உடன்படிக்கையைப் பற்றிய விழிப்பு மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். தன் மேசையில் இருக்கும் கிருமிக்கும் ஆயுதத்துக்கும் தொடர்பு உண்டு என்று எந்த வகுப்பிலும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தனிப் பட்டம் வேண்டாம், ஆய்வக ஒழுக்கம் பற்றிய தாளில் இரண்டு வகுப்பு போதும். அதுகூடப் பல இடங்களில் இல்லை என்பதுதான் என் குறை.

ஐ.நா. இதற்கெல்லாம் ஏதாவது செய்கிறதா?

செய்கிறது, காகிதத்தில் நிறையவே. 1978இல் ஆயுதக் களைவுக்கான முதல் சிறப்புக் கூட்டத்தொடரின் இறுதி ஆவணமே எல்லா மட்டத்திலும் இந்தக் கல்வி வேண்டும் என்றது. 1980இல் யுனெஸ்கோ பாரிஸில் இதற்கென்று மாநாடு கூட்டியது. 2000இல் பொதுச்சபை கேட்டுக்கொண்டதன் பேரில் பத்து நாட்டு நிபுணர்கள் அமர்ந்து, 2002இல் 34 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார்கள். யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகுப்பும் வருகிறது. எந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகம் என்ன நடத்துகிறது என்று தேடுபவருக்கு அந்தத் தொகுப்பு நல்ல சுரங்கம், மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

பொதுச்சபைத் தீர்மானத்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. பரிந்துரைக்கும் பாடவேளைக்கும் இடையிலான தூரம் அது.

ஐ.நா.வின் ஆயுதக் களைவு நல்கைக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. ஆண்டுக்கு 25 பேருக்கு நடக்கும் அந்தப் பயிற்சி அரசுகள் அனுப்பும் இளம் தூதரக அதிகாரிகளுக்கானது. வாரம் ஒரு மாணவராவது இதைக் கேட்கிறார்.

கட்டணமில்லாமல், இணையத்தில் படிக்க முடியுமா?

முடியும். ஐ.நா. ஆயுதக் களைவு விவகார அலுவலகம் தன் கல்வித் தளத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பரவல் தடுப்பு, ஆயுதக் களைவுக் கூட்டமைப்பின் இணையப் பாடம் அடுத்தது. பாடம் பாடமாக ஒழுங்காகக் கட்டப்பட்டது, முடித்தால் சான்றிதழும் உண்டு. அணு ஆபத்து முன்முயற்சி என்ற அமைப்பு மான்டெரே மையத்தோடு சேர்ந்து எழுதிய பயிற்சிப் பாடங்கள் தொடக்க நிலைக்கு எளிது. சர்வதேச அணுசக்தி முகமைக்கும் ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்கும் தனித்தனி இணையப் பாடங்கள் உண்டு. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பும் ஐ.நா. அலுவலகமும் சேர்ந்து 2018இலிருந்து ஓர் இலவசப் பயிற்சி நடத்துகின்றன. அதில் பெண்களுக்கு முன்னுரிமை.

இவற்றின் சான்றிதழ் வேலை வாங்கித் தருமா என்றால், தராது. ஆனால் ஆறு வாரம் படித்த பிறகு இந்தத் துறை பிடிக்கவில்லை என்று தெரிந்தால், இரண்டு வருடமும் கல்விக் கடனும் மிச்சம். அதற்காகவே முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன்.

உதவித்தொகை?

பெண்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. சர்வதேச அணுசக்தி முகமை 2020இல் தொடங்கிய மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகை அணுத்துறை முதுகலைக்குரியது, பரவல் தடுப்புப் படிப்பும் அதில் அடங்கும். மற்றபடி நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் பொது உதவித்தொகைகளைத்தான் நம்ப வேண்டும்.

வெளிநாட்டு மாணவர் என்றால் ஏதாவது தடை உண்டா?

கொள்கை, சட்டம், வரலாறு என்ற பக்கத்தில் பொதுவாக இல்லை. அறிவியல் பக்கத்தில் உண்டு. பிரிட்டனில் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய சில துறைகளில் முதுகலையோ ஆய்வோ செய்ய வரும் பல நாட்டு மாணவர்கள் ஏட்டாஸ் என்ற தனி அனுமதி வாங்க வேண்டும், விசாவுக்கு முன்பே. அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் ஆய்வகத்துக்குள்ளேயே நுழையும். கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை வெளிநாட்டவர் ஒருவருக்கு அறையில் உட்கார்ந்து விளக்கினாலே அது ஏற்றுமதியாகக் கணக்கிடப்படலாம். பரவல் தடுப்பு படிக்க வந்தவரே பரவல் தடுப்பு விதியில் மாட்டிக்கொள்வது வேடிக்கைதான், ஆனால் அனுமதிக்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் நாட்காட்டியில் இடம் விட்டு வையுங்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன். 'ஆயுதக் களைவு நிபுணர்' என்ற பலகை மாட்டிய வேலைகள் குறைவு. வியன்னாவில் அணுசக்தி முகமையும் சோதனைத் தடை அமைப்பும், ஹேக்கில் ரசாயன ஆயுத அமைப்பும், நியூயார்க், ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகங்களும், ஸ்டாக்ஹோமின் சிப்ரி போன்ற ஆய்வு நிறுவனங்களும்தான் எல்லாரும் பார்க்கும் கதவுகள். வெளியுறவு அமைச்சகங்கள், பாதுகாப்பு அமைச்சகங்கள் அடுத்தவை. ஐ.நா. தலைமையகப் பயிற்சியிடங்களுக்குச் சம்பளம் கிடையாது, அதனால் கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகளே முதல் படியைத் தாண்டுகிறார்கள் என்ற குறை பழையது, நியாயமானதும்கூட.

யாரும் பார்க்காத கதவு ஏற்றுமதிக் கட்டுப்பாடு. சாதாரண வேலைக்கும் ஆயுதத்துக்கும் உதவும் இருவழிப் பயன்பாட்டுப் பொருள் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், கப்பல் நிறுவனத்துக்கும், வங்கிக்கும் இதைப் படித்த ஆள் தேவை. ஒரு பழைய வழக்கு வகுப்புகளில் அடிக்கடி வரும். சிறுநீரகக் கல் உடைக்கும் கருவியில் ஒரு வகை மின்பொறி இடைவெளிச் சாதனம் இருக்கும். அணுகுண்டை வெடிக்கவைக்கும் சுற்றிலும் அதே சாதனம் பயன்படும். 2003இல் ஒரு வணிகர் மருத்துவமனைக்கு என்று சொல்லி 200 சாதனங்கள் கேட்டார். மருத்துவமனைக்கு ஒரு சில போதும், 200 எதற்கு? வகுப்பில் எல்லாரும் நிற்பது அந்தக் கேள்வியில்தான். ஆர்டர் படிவத்தில் ஓர் எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தத் தெரிந்தவருக்கு நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன, நல்ல சம்பளமாகவே.

கூடவே ஒரு மொழி கற்றுக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழியோ சீனமோ பாரசீகமோ மூல ஆவணம் படிக்கும் அளவுக்குத் தெரிந்தால், அதே பட்டம் வைத்திருக்கும் ஐம்பது பேரிலிருந்து நீங்கள் தனியே தெரிவீர்கள்.

இது போராட்டக்காரர்கள் படிக்கும் படிப்பு என்கிறார்களே?

ஆயுதக் கட்டுப்பாட்டை 1960களின் தொடக்கத்தில் ஒரு துறையாக வடித்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஷெல்லிங், பேரத்தையும் மிரட்டலையும் கணக்காக ஆராய்ந்த பொருளாதார அறிஞர். வகுப்பில் ராணுவ அதிகாரியும் இருப்பார், அணு ஆயுத எதிர்ப்புப் பேரணியில் நடந்தவரும் இருப்பார். இருவரும் ஒருவரையொருவர் மாற்ற வேண்டியதில்லை, ஒரே வரைவுத் தாளைத் திருத்தக் கற்றுக்கொண்டால் போதும்.

பணம் வற்றுகிறது, படிப்புகள் மூடுகின்றன. இப்போது இதில் இறங்கலாமா?

கேள்வி நியாயமானது. அணு ஆயுதக் கொள்கை ஆய்வுக்குப் பெரும் பணம் கொடுத்துவந்த மெக்ஆர்தர் அறக்கட்டளை இந்தத் துறையிலிருந்து விலகுவதாக 2021இல் அறிவித்தது. மான்டெரே கதையை மேலே சொன்னேன். ஜெனீவாவின் ஆயுதக் களைவு மாநாடு 1996க்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்தைக்கூடப் பேசி முடிக்கவில்லை. மறுபக்கம், சிப்ரி கணக்குப்படி 2025 ஜனவரியில் உலகில் ஏறத்தாழ 12,241 அணு வெடிமுனைகள் இருந்தன. அவற்றை எண்ண, கண்காணிக்க, பேச ஆள் வேண்டும். பழைய தலைமுறை ஓய்வுபெறுகிறது, இடத்துக்கு வருபவர் குறைவு. என் கருத்து: இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இயற்பியலோ சட்டமோ தரவு அறிவியலோ ஒரு கையில் இருக்கட்டும், இது மறு கையில்.

என் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு தாளே இல்லை. என்ன செய்வது?

இருக்கும் தாள்களை வளையுங்கள். பருவக் கட்டுரைத் தலைப்பு பெரும்பாலும் உங்கள் கையில்தான். சட்ட மாணவர் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை எடுக்கலாம், புள்ளியியல் மாணவர் ஆயுத வணிகத் தரவை, கணினி மாணவர் தானியங்கி ஆயுதங்களை. மூன்று பருவத்தில் மூன்று கட்டுரை சேர்ந்தால் விண்ணப்பத்தில் காட்ட ஒரு பாதை உருவாகிவிடும். சோதனைத் தடை அமைப்பின் இளைஞர் குழு 2016இலிருந்து இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம்.

நான் ஆசிரியர். எங்கள் துறையில் இதைத் தொடங்க முடியுமா?

தனித் தாளாகத் தொடங்கப் போனால் குழு, ஒப்புதல், நிதி என்று ஆண்டுகள் ஓடும். ஏற்கெனவே நடக்கும் தாளுக்குள் நான்கு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒப்பந்த வாசகம், இரண்டாம் வாரம் சரிபார்ப்பு, கடைசி இரண்டு வாரம் மாதிரி மாநாடு. செலவு பெயர்ப்பலகைக்கான அட்டை மட்டுமே. அணுப் பாதுகாப்பு பக்கம் என்றால் அணுசக்தி முகமையின் ஆதரவில் 2010இல் தொடங்கிய கல்வி வலைப்பின்னலில் உங்கள் பல்கலைக்கழகம் சேரலாம், பாடப்பொருளும் ஆசிரியர் பயிற்சியும் அங்கே கிடைக்கும். இன்னொரு ஆசிரியரையும் ஆரம்பத்திலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை மூன்றாவது பதிலில் சொல்லிவிட்டேன்.

பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

"உலக அமைதியில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நாளுக்குப் பத்து வரும். எட்டு வரி போதும். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அதில் உங்களுக்கு இடித்த ஒரு இடத்தைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய பருவக் கட்டுரை ஒன்றின் தலைப்பைச் சொல்லுங்கள். பிறகு இரண்டே கேள்வி: வரும் ஆண்டு இந்தத் தாளை நீங்களே நடத்துகிறீர்களா? புதிய ஆய்வு மாணவர்களை எடுக்கிறீர்களா? இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.